கழுவக் கழுவக் கறுப்பு

ஓஸ்லா ஹால்க்ரோவுக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி.
அகராதிக் கம்பெனி எடின்பரோவிலிருந்து பட்டியல் அனுப்பும்.
ஷெட்லாந்தில், காற்று கதவைப் பிடுங்கும் வீட்டில்,
ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் எழுதித் திருப்பி அனுப்புவாள்.
இந்தச் செவ்வாய்க்கிழமை ‘ஆயில்’.

சுலபமான சொல். அரைமணி வேலை.
நார்மன்காரர் வாயில் ‘ஒய்லெ’,
அதற்கு முன் லத்தீனில் ‘ஒலெயும்’,
அதற்கும் முன் கிரேக்கத்தில் ‘எலாயோன்’.
ஒலிவப் பழத்தைப் பிழிந்தது, வேறெதுவும் இல்லை.
திமிங்கிலத்தில் உருக்கியதும் ஆளிவிதையில் ஆட்டியதும்
கடலுக்கடியில் பாறையைத் துளைத்து எடுத்ததும்
பிற்பாடு வந்து அந்தப் பெயரில் குடியேறியவை.

நமக்கு மட்டும் என்ன?
எள்ளின் நெய்யைத்தான் எண்ணெய் என்றோம்.
பிறகு தேங்காய்க்கும் எண்ணெய், வேம்புக்கும் எண்ணெய்,
பீப்பாயில் வந்ததற்கு மண்ணெண்ணெய்.
மண்ணில் ஏது எள்?
யாரும் கேட்கவில்லை.
ரேஷன் வரிசை நீளமாக இருந்தது.

ஆனால் ஓர் எழுத்து அவளை எழுந்திருக்க விடவில்லை.
லத்தீன்காரன் பழத்தை ‘ஒலீவா’ என்கிறான்.
அந்த வகரம் எங்கிருந்து வந்தது?
கிரேக்கரின் ‘எலாயா’வில் அது இல்லையே.

இருந்தது.
இரண்டு உயிருக்கு நடுவே நின்றது.
நாம் இல்லாத வகரத்தைச் செருகி
உடம்படுமெய் என்று பெயரும் வைப்பவர்கள்;
அவர்கள் இருந்ததை விழுங்கிவிட்டார்கள்.
அதற்குள் கடன் வாங்கிப் போனவன் வீட்டில்
அது பத்திரமாகத் தங்கிவிட்டது.
நம் ஊர்ச் சர்ச்சில் வாசிக்கும் ஒலிவ மலையிலும்
அதே வகரம்தான்.

அரண்மனை எரிந்தபோது கூடவே வெந்து
கெட்டிப்பட்டுப்போன களிமண் கணக்குகளில்,
இத்தனை சாடி எண்ணெய் என்ற வரியில்,
இன்னும் அது கிடக்கிறது.
அதற்கும் அப்பால்?
கிரேக்கர் வருமுன்பே மரம் இருந்தது, பெயரும் இருந்திருக்கும்.
அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.
அங்கிருந்தவர்கள் யார்?

நான்கு மணிக்கு லோவ்ரி மோவாட் போன் செய்தான்.
சரக்குக் கப்பல் ஒன்று பாறையில் உரசிவிட்டது.
கொட்டகைக்கு வா, பழைய துண்டுகள் எடுத்து வா.

மீன்பெட்டிகளில் பறவைகள், பெட்டிக்கு ஒன்று.
அவள் கைக்கு வந்தது டிஸ்டி.
பல்லியைப்போல் துடிக்கும் இதயம்,
தாராக இறுகிய எண்ணெய்.
சோப்பு அதன்மேல் நடந்து போனது, உள்ளே போகவில்லை.
‘எண்ணெய்க்கு எண்ணெய்தான் இளகும்’ என்றான் லோவ்ரி.
கடையில் ஒலிவ எண்ணெய் ஒன்பது பாட்டில்தான் இருந்தது.
மூடியைத் திருகிய ஓஸ்லா சிரித்துவிட்டாள்.
என்ன என்றான்.
‘ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள்.
ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.’

ஊற்றி, நீவி, பிறகு சோப்பு, வெந்நீர்,
மறுபடி முதலிலிருந்து. ஏழு தொட்டித் தண்ணீர்.
சிக்கல் என்னவென்றால் டிஸ்டியே கறுப்பு.
அப்பிய கறுப்பைக் கழுவினால் அடியிலும் கறுப்பு.
எந்த இடத்தில் நிறுத்துவது?

சிறகில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரியும்வரை.
கால் குங்குமமாகச் சிவக்கும்வரை.
அது திரும்பி
அவள் கட்டைவிரலைக் கடிக்கும்வரை.

முப்பத்தொன்றில் பதினெட்டு பிழைத்தன.
பெட்டி எண்கள் கலந்துவிட்டதால்
அவளுடையது எதில் என்று லோவ்ரிக்கும் தெரியாது.

வீடு திரும்பியபோது பதினொரு மணி;
ஜூன் மாதம், வெளியே இன்னும் இருட்டவில்லை.
பிளாஸ்திரி சுற்றிய விரலோடு எழுதினாள்:
‘இதற்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு மொழி.’
ஐந்து வார்த்தை கூடுதல்; கூலி அதேதான்.

தாளின் மூலையில் விரல் பட்ட கறை,
அந்த இடத்தில் மட்டும் மேசை மங்கலாகத் தெரிந்தது.
எந்த எண்ணெய் என்று
அவளாலும் சொல்ல முடியவில்லை.